எல்விடிடி, ஆர்விடிடி சென்சார்களுக்கான சிக்னல் கண்டிஷனர் போர்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர்கோட்டு நகர்வை அளப்பது எல்விடிடி. சுழலும் கோணத்தை அளப்பது ஆர்விடிடி. இவற்றுக்கு மின்சாரம் கொடுத்து, திரும்பி வருவதைப் படித்து, பிஎல்சிக்கோ (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) சாதாரணக் கணினிக்கோ புரியும் அளவாக மாற்றுவது சிக்னல் கண்டிஷனர் என்ற சிறிய சர்க்யூட் போர்டு. சென்சார் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி என் மேசைக்கு வந்தவற்றில் பலவற்றில் சென்சார் நன்றாகவே இருந்தது. கோளாறு போர்டின் அமைப்பிலோ வயரிங்கிலோ இருந்தது. போர்டும் சென்சாரும் சேர்ந்துதான் ஒரு கருவி. இந்தப் பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

சென்சார் இருக்கும்போது தனியாக ஒரு போர்டு எதற்கு?

எல்விடிடிக்குள் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. அது ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். நடுவில் ஒரு பிரைமரி சுருள், அதன் இரு பக்கமும் ஒரே மாதிரி சுற்றப்பட்ட இரண்டு செகண்டரி சுருள்கள், உள்ளே தொடாமல் நகரும் ஒரு நிக்கல்-இரும்புக் கோர். பிரைமரிக்கு ஏசி கொடுத்தால் இரு செகண்டரியிலும் மின்னழுத்தம் தோன்றும். அவை ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருப்பதால், கோர் சரியாக நடுவில் நிற்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கோர் ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். மிஞ்சும் வித்தியாசம்தான் அளவு.

இதை நேராக பிஎல்சியில் செருக முடியாது. யாராவது பிரைமரிக்கு சுத்தமான சைன் அலை கொடுக்க வேண்டும், வரும் சிறு சிக்னலைப் பெருக்க வேண்டும், எந்தத் திசை என்று கண்டுபிடிக்க வேண்டும், வடிகட்டி 0–10 வோல்ட்டாகவோ 4–20 மில்லிஆம்ப்பாகவோ தர வேண்டும். போர்டு செய்வது இதைத்தான்.

மல்டிமீட்டரை ஏசியில் வைத்து செகண்டரியை அளந்தால் போதாதா?

சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் போதும், நிலையைச் சொல்லப் போதாது. நடுவிலிருந்து வலப்பக்கம் 2 மி.மீ. போனாலும் இடப்பக்கம் 2 மி.மீ. போனாலும் மீட்டரில் ஒரே எண்தான் வரும். திசை அலையின் அளவில் இல்லை, ஃபேஸில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் செகண்டரியின் அலை பிரைமரியின் அலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். மறுபக்கத்தில் நேர் எதிராக, 180 டிகிரி திரும்பி நிற்கும்.

இதைப் படிக்கத்தான் சிங்க்ரனஸ் டிமாடுலேட்டர். பிரைமரி அலையின் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒரு எலக்ட்ரானிக் சுவிட்ச் செகண்டரி சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் மாற்றி மாற்றி எடுக்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால் பிளஸ், எதிராகப் போனால் மைனஸ் என்று டிசி வந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு பலன் உண்டு. கோர் நடுவில் இருக்கும்போது மீட்டர் ஒருபோதும் முழுப் பூஜ்யத்தைக் காட்டாது, ஒரு சிறு மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். அந்த மிச்சத்தின் பெரும்பகுதி 90 டிகிரி தள்ளிய அலையும் மேல் ஹார்மோனிக்ஸும் (அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் அலைகள்)தான். ஃபேஸ் சரியாக அமைந்த சிங்க்ரனஸ் டிமாடுலேட்டர் அந்த 90 டிகிரிப் பகுதியைத் தானாகவே கழித்துவிடுகிறது. சாதாரண டயோடு ரெக்டிஃபையரால் இது முடியாது.

ஃபேஸ் கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும்?

செகண்டரி அலை பிரைமரியோடு அச்சாக ஒத்துப்போவது அபூர்வம். சுருளின் இண்டக்டன்ஸ், ரெசிஸ்டன்ஸ், கேபிள் எல்லாம் சேர்ந்து அதைத் தள்ளிவிடும். 10 டிகிரி பிசகில் வெளியீடு சுமார் 1.5 சதவீதம்தான் குறையும், கெயினை, அதாவது பெருக்கும் மடங்கை, ஏற்றிச் சரிக்கட்டிவிடலாம். 60 டிகிரி பிசகினால் பாதி போய்விடும்.

குறைவதைவிடப் பெரிய தொல்லை, மேலே சொன்ன 90 டிகிரி மிச்சம் உள்ளே கசிவது. அப்போது பூஜ்யப்புள்ளி இடம் மாறும், வெப்பநிலையோடு சேர்ந்து அலையும். போர்டில் ஃபேஸ் டிரிம்மர் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பிச் சரிசெய்யும் சிறு திருகு) இருந்தால் அதைத் தொடாமல் விடாதீர்கள். கோரை ஒரு பக்க எல்லைக்கு அருகில் வையுங்கள், ஆசிலோஸ்கோப்பில் டிமாடுலேட்டரின் வெளியீட்டை ஃபில்டருக்கு முன்னால் பாருங்கள். ஃபேஸ் சரியாக இருந்தால் சுத்தமான அரைச் சைன் மேடுகள் வரிசையாகத் தெரியும். பிசகியிருந்தால் ஒவ்வொரு மேட்டின் ஓரத்திலும் எதிர்ப்பக்கமாக ஒரு பல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பல் மறையும்வரை திருப்புங்கள்.

எக்ஸைடேஷன் (பிரைமரிக்குக் கொடுக்கும் ஏசி) எத்தனை வோல்ட், என்ன அதிர்வெண்?

சென்சாரின் டேட்டாஷீட்டில் எழுதியிருப்பதுதான் சரியான பதில். பெரும்பாலும் 3 வோல்ட் ஆர்எம்எஸ் அளவிலும், 1 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்குள்ளும் இருக்கும். 2.5, 5 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் அடிக்கடி பார்க்கலாம். அதிர்வெண்ணை மிகவும் குறைத்தால் பிரைமரியின் எதிர்ப்பு குறைந்து கரண்ட் ஏறும், சுருள் சூடாகும், ஆசிலேட்டரும் திணறும். மிகவும் கூட்டினால் கேபிளின் கபாசிட்டன்ஸ் தொல்லை தரும்.

கெயின் கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். உணர்திறன் ஒரு வோல்ட்டுக்கு ஒரு மி.மீ.க்கு 80 மில்லிவோல்ட், நகர்வு ±2.5 மி.மீ., எக்ஸைடேஷன் 3 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். எல்லையில் வருவது 80 × 3 × 2.5, அதாவது 600 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ். முழு அலை டிமாடுலேஷனுக்குப் பிறகு சராசரி இதில் 0.9 பங்கு, சுமார் 0.54 வோல்ட். 10 வோல்ட் வேண்டுமானால் கெயின் ஏறத்தாழ 18.5. வாங்கும் போர்டின் கெயின் வரம்புக்குள் இந்த எண் விழுகிறதா என்று ஆர்டர் போடுமுன் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் பலர் செய்வதில்லை.

ரேஷியோமெட்ரிக் போர்டு என்றால் என்ன? அது தேவையா?

எக்ஸைடேஷன் 1 சதவீதம் ஏறினால் சாதாரண போர்டில் அளவும் 1 சதவீதம் ஏறும். கோர் நகரவே இல்லை, அளவு மட்டும் நகரும். சூடும் இப்படித்தான் செய்யும். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறுவதால், 40 டிகிரி கூடினால் பிரைமரியின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 16 சதவீதம் அதிகமாகிவிடும். அதில் ஓடும் கரண்ட் குறையும், அளவும் அதோடு நகரும்.

ரேஷியோமெட்ரிக் போர்டு இதை வகுத்தலால் சமாளிக்கிறது. அனலாக் டிவைசஸின் ஏடி598 சிப் இரண்டு செகண்டரிகளையும் தனித்தனியாக அளந்து, அவற்றின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கிறது. எக்ஸைடேஷன் ஏறினால் மேலும் கீழும் ஒரே விகிதத்தில் ஏறுவதால் விடை மாறாது. ஒவ்வொரு செகண்டரியும் தனியாக ரெக்டிஃபை செய்யப்படுவதால் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையிலான ஃபேஸ் பிசகும் அதைப் பாதிக்காது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: நகர்வு முழுவதும் அந்தக் கூட்டுத்தொகை மாறாமல் இருக்கும்படி சென்சார் சுற்றப்பட்டிருக்க வேண்டும், செகண்டரியின் நடு இணைப்பும் வெளியே வந்திருக்க வேண்டும். அதன் தம்பியான ஏடி698 வேறு வழியில் போகிறது. செகண்டரி வித்தியாசத்தை பிரைமரி மின்னழுத்தத்தால் வகுப்பதால் நாலு வயர் சென்சாருக்கும் பொருந்தும்.

வெப்பநிலை மாறாத ஆய்வக மேசையில் சாதாரண போர்டே போதும். டர்பைன் அருகிலோ திறந்த வெளியிலோ வைப்பதானால் நான் ரேஷியோமெட்ரிக்கைத் தவிர வேறு எதையும் எடுக்க மாட்டேன்.

என் சென்சாரில் 3 வயர்தான் இருக்கிறது. அது எல்விடிடியா?

பெரும்பாலும் ஹாஃப்-பிரிட்ஜ் வகையாக இருக்கும். அதில் தனி பிரைமரி இல்லை. இரண்டு சுருள்கள் தொடராக இணைந்து, நடுப்புள்ளியிலிருந்து சிக்னல் எடுக்கப்படுகிறது. பாகங்களின் பருமனை அளக்கும் பென்சில் வடிவ புரோப்களில் இது சகஜம். எல்லா எல்விடிடி போர்டும் இதை ஏற்காது, சிலவற்றில் ஜம்பர் (போர்டின் இரு முனைகளை இணைக்கும் சிறு செருகி) மாற்றினால் ஏற்கும். அசல் எல்விடிடியில் 4, 5 அல்லது 6 வயர் இருக்கும். நான்கில் செகண்டரிகள் உள்ளேயே எதிராக இணைக்கப்பட்டிருக்கும், ஐந்தில் நடு இணைப்பும் வெளியே வரும், ஆறில் எதுவும் இணைக்கப்படாமல் உங்கள் கையில் விடப்பட்டிருக்கும்.

ஆர்விடிடிக்கு வேறு போர்டு வாங்க வேண்டுமா?

வேண்டாம். மின்சுற்றுக்கு அது இன்னொரு எல்விடிடிதான், மி.மீ.க்குப் பதில் டிகிரி என்பது மட்டுமே வித்தியாசம். ஆனால் நேர்கோட்டுத் தன்மை பொதுவாக ±30 முதல் ±60 டிகிரிக்குள்தான் கிடைக்கும். தண்டு அதைத் தாண்டியும் சுழலும், அளவுதான் வளையத் தொடங்கும். முழு 360 டிகிரி வேண்டுமென்றால் ரிசால்வருக்குப் போங்கள். அது சைன், கொசைன் என்று இரண்டு சிக்னல் தரும். அதைப் படிக்க ஏடி2எஸ்1210 போன்ற ரிசால்வர்-டிஜிட்டல் மாற்றி உள்ள வேறு வகைப் போர்டு தேவை.

பொட்டென்ஷியோமீட்டர், என்கோடர் எல்லாம் இதே போர்டில் வேலை செய்யுமா?

செய்யாது. பொட்டென்ஷியோமீட்டருக்கு நிலையான டிசியும், அதை இழுக்காத உயர் இம்பிடன்ஸ் உள்ளீடும் போதும். உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸ் பொட்டின் மதிப்பைப் போல் 100 மடங்கு இருந்தால்கூட மூன்றில் இரண்டு பங்கு வழியில் முழு அளவில் சுமார் 0.15 சதவீதப் பிழை வரும், அதை மட்டும் மறக்காதீர்கள். என்கோடர் துடிப்புகளை அனுப்புவது, அதற்குக் கவுண்டர் வேண்டும். மேக்னெட்டோஸ்ட்ரிக்டிவ் சென்சார் நேரத்தை அளப்பது, அதன் எலக்ட்ரானிக்ஸ் பொதுவாகத் தலைப்பகுதியிலேயே இருக்கும்.

வெளியீடு 0–10 வோல்ட்டா, 4–20 மில்லிஆம்ப்பா?

ஒரே பெட்டிக்குள் என்றால் வோல்ட். தூரம் என்றால் மில்லிஆம்ப். கரண்ட் சிக்னலுக்கு வயரின் ரெசிஸ்டன்ஸ் ஒரு பொருட்டல்ல, அதோடு வயர் அறுந்தால் 0 மில்லிஆம்ப் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கேதான் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். 4–20 காட்டிக்கொடுப்பது போர்டுக்கும் பிஎல்சிக்கும் இடையில் உள்ள வயரை மட்டும். சென்சாருக்கும் போர்டுக்கும் இடையில் பிரைமரி வயர் அறுந்தால் என்ன ஆகும்? செகண்டரியில் ஒன்றும் வராது. ஒன்றும் வராதது என்றால் போர்டின் கணக்கில் கோர் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். அமைதியாக 12 மில்லிஆம்ப் அனுப்பும். வால்வு முழுக்கத் திறந்திருந்தாலும் திரையில் பாதி திறப்பு என்று தெரியும். நாலு வயர் இணைப்பில் செகண்டரி அறுந்தாலும் அநேகமாக இதே கதைதான்.

ஆகவே வால்வு, பிரேக், ஹைட்ராலிக் சிலிண்டர் போன்ற இடங்களுக்கு வாங்கும்போது சென்சார் பக்க அறுப்பைக் கண்டுபிடிக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். இரு செகண்டரிகளின் கூட்டுத்தொகையைக் கண்காணிக்கும் போர்டு, அது இருக்க வேண்டிய வரம்பைவிட்டுப் போனதும் கோளாறு என்று சொல்லிவிடும். நாமூர் என்ற அமைப்பின் என்இ43 பரிந்துரைப்படி கோளாறைச் சொல்ல 3.6 மில்லிஆம்ப் அல்லது அதற்குக் கீழே, அல்லது 21 மில்லிஆம்ப் அல்லது அதற்கு மேலே போக வேண்டும்.

வேகமாக நகர்வதை அளக்க முடியுமா?

பொது விதியாக, எக்ஸைடேஷன் அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்குவரை நம்பலாம். 2.5 கிலோஹெர்ட்ஸ் என்றால் 250 ஹெர்ட்ஸ். அதற்குமேல் ஃபில்டரைத் திறந்துவிட்டால் கேரியரின், அதாவது எக்ஸைடேஷன் அலையின், அலைச்சல் வெளியீட்டில் தெரியும்.

ஃபில்டர் தரும் தாமதத்தையும் எண்ணிப் பாருங்கள். 250 ஹெர்ட்ஸ் முதல்நிலை ஃபில்டரின் தாமதம் சுமார் 0.64 மில்லி விநாடி. வினாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் ஓடும் தண்டு அந்த நேரத்தில் 64 மைக்ரான் போயிருக்கும். நின்ற நிலையில் 1 மைக்ரான் துல்லியத்துக்கு அளவுத்திருத்தம் செய்துவிட்டு ஓட்டத்தில் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்த உழைப்பு வீண்.

ரெசல்யூஷன் எல்லையற்றது என்கிறார்களே, உண்மையா?

சென்சாரைப் பொறுத்தவரை உண்மை. உரசல் இல்லை, படிகள் இல்லை. போர்டின் இரைச்சலும் அதற்குப் பின்னால் உள்ள ஏடிசியும் (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) தான் எல்லை வகுக்கின்றன. 10 மி.மீ. நகர்வை 16 பிட்டில் எடுத்தால் ஒரு படி சுமார் 0.15 மைக்ரான். இரைச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தால் கடைசி பிட்கள் வெறும் ஆட்டம்தான்.

பல போர்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அளவு மெதுவாக ஊசலாடுகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்காக ஒருமுறை இரண்டு நாள் தொலைத்தவன் நான். கோர் அசையவே இல்லை, ஆனால் அளவு மூன்று நான்கு மைக்ரான் சீராக ஏறி இறங்கியது. மவுண்டிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், கேபிளை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன். கடைசியில் பக்கத்துப் போர்டை அணைத்ததும் நின்றது.

ஒவ்வொரு போர்டிலும் ஆசிலேட்டர் தனியாக ஓடுகிறது. ஒன்று 2,500 ஹெர்ட்ஸில், அடுத்தது 2,503 ஹெர்ட்ஸில் ஓடினால், ஒன்றின் சிக்னல் மற்றதில் கொஞ்சம் கசிந்தாலும் வினாடிக்கு 3 முறை ஊசலாடும். அது ஃபில்டரின் வரம்புக்குள்ளேயே இருப்பதால் எந்த ஃபில்டரும் தடுக்காது. தீர்வு: ஒரு போர்டை மாஸ்டராக வைத்து, மற்றவற்றை அதன் அதிர்வெண்ணில் ஓடும் ஸ்லேவாக இணைப்பது. நல்ல போர்டுகளில் இதற்கென சிங்க் முனை இருக்கும். ஒன்றுக்கு மேல் சென்சார் வைக்கப்போகிறீர்கள் என்றால் அந்த முனை இல்லாத போர்டை வாங்காதீர்கள்.

கேபிள் எவ்வளவு நீளம் போகலாம்?

ஷீல்டு கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று எடுத்துக்கொண்டால் 100 மீட்டருக்கு 10 நானோஃபாரட். 5 கிலோஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு வெறும் 3.2 கிலோஓம். செகண்டரியோடு சேர்ந்து ஃபேஸையும் அளவையும் மாற்ற அது தாராளமாகப் போதும். நீளமான கேபிள் போடலாம், ஆனால் அந்தக் கேபிளோடுதான் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.

பிரைமரிக்கு ஒரு முறுக்கிய ஜோடி, செகண்டரிக்கு இன்னொன்று, முடிந்தால் தனித்தனி ஷீல்டு. ஷீல்டை ஒரு முனையில் மட்டும், பொதுவாகப் போர்டுப் பக்கம், எர்த் செய்யுங்கள். மோட்டார் டிரைவ் கேபிளோடு ஒரே டிரேயில் படுக்கவைக்காதீர்கள்.

அளவுத்திருத்தம் எந்த வரிசையில் செய்வது?

முதலில் போர்டை ஆன் செய்து சூடாக விடுங்கள், அரை மணி நேரமாவது. அப்புறம் சென்சாரின் உடலைத் தளர்த்தி நகர்த்தி, செகண்டரி ஏசி மிகக் குறைவாக வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உங்கள் இயந்திரத்தின் நடுநிலை அந்த இடத்தில் வரும்படி இறுக்குங்கள். இது இயந்திர வேலை, டிரிம்மர் வேலை அல்ல. பலர் இங்கே சோம்பல்பட்டு, சென்சார் 1 மி.மீ. தள்ளி நிற்கும்போதே ஆஃப்செட் டிரிம்மரால் பூஜ்யம் ஆக்கிவிடுகிறார்கள். எண் சரியாகத் தெரியும், ஆனால் ஒரு பக்க எல்லையில் 1 மி.மீ. தூரம் நேர்கோட்டு வரம்புக்கு வெளியே போய்விடும்.

நடுநிலை பிடித்தபின் ஆஃப்செட்டால் வெளியீட்டைப் பூஜ்யத்துக்கு, அல்லது 4–20 என்றால் 12 மில்லிஆம்ப்புக்குக் கொண்டுவாருங்கள். மைக்ரோமீட்டரோ ஸ்லிப் கேஜோ (துல்லியமான தடிமன் உள்ள அளவுக் கட்டை) வைத்து பிளஸ் எல்லைக்குப் போய் கெயினைச் சரிசெய்யுங்கள். மைனஸ் எல்லைக்குப் போங்கள். அங்கே சிறு வித்தியாசம் வந்தால் அதை இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரித்துவிடுங்கள். ஆஃப்செட்டும் கெயினும் ஒன்றையொன்று கொஞ்சம் தொடும் என்பதால் இரண்டு மூன்று சுற்று போக வேண்டியிருக்கும். கடைசியில் இடையில் உள்ள புள்ளிகளையும் குறித்துக்கொள்ளுங்கள், எல்லைகள் இரண்டும் சரியாக இருந்து நடுவழி வளைந்திருப்பதும் நடக்கும்.

திசை தலைகீழாக வருகிறது.

செகண்டரியின் இரண்டு வயர்களை இடம் மாற்றுங்கள். அல்லது பிரைமரியின் இரண்டையும். இரண்டு இடத்திலும் மாற்றினால் பழைய நிலைக்கே வந்துவிடும்.

டிரிம்மர் போர்டா, டிஜிட்டல் போர்டா?

டிஜிட்டலில் அளவுத்திருத்தம் மெமரியில் இருக்கும், வளைவையும் எண்களால் நேராக்கலாம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஜிஏ970 போன்ற சிப்பில் அலை உருவாக்கமும் டிமாடுலேஷனும் ஒரு சிறு பிராசஸரும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒரே மாதிரி நூறு கருவி செய்பவருக்கு அது வரம். ஒன்றிரண்டு இடத்தில், ஒரு ஸ்க்ரூடிரைவரோடு ஆள் போய்ச் சரிசெய்யும் இடத்தில், பலசுற்று டிரிம்மர் உள்ள அனலாக் போர்டை நான் இன்னும் விரும்புகிறேன். சரிசெய்தபின் டிரிம்மர் தலையில் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தால் அதிர்வில் நகராது.

போர்டைச் சென்சாருக்குள்ளேயே வைத்த டிசி-எல்விடிடி வாங்கினால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே?

இல்லைதான், சூடு இல்லாத இடம் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் அதன் வெப்ப வரம்பு பொதுவாக 85 டிகிரி செல்சியஸ் பக்கம் நின்றுவிடும். சுருள் மட்டும் உள்ள ஏசி எல்விடிடி வகைகளில் 200 டிகிரியைத் தாண்டியும் வேலை செய்பவை உண்டு. போர்டைத் தள்ளி, குளிர்ச்சியான பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

சென்சாரை மாற்றினால் மறுபடியும் அளவுத்திருத்தம் வேண்டுமா? போர்டை மாற்றினால்?

இரண்டுக்கும் வேண்டும். ஒரே மாடல் நம்பர் உள்ள இரண்டு சென்சார்களின் உணர்திறனும் அச்சாக ஒன்றாக இருக்காது. சென்சாரின் வரிசை எண், போர்டின் வரிசை எண், கேபிள் நீளம், அளவுத்திருத்தம் செய்த தேதி, ஜம்பர்கள் இருந்த நிலை, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். பழைய சென்சாரின் பிரைமரி, செகண்டரி ரெசிஸ்டன்ஸ் எத்தனை ஓம் என்பதையும் அது நன்றாக இருக்கும்போதே அளந்து அதே தாளில் எழுதுங்கள். பிற்பாடு ஒரு நாள் அளவு வராமல் நிற்கும்போது, சுருள் அறுந்ததா, கேபிள் அறுந்ததா, போர்டா என்று மல்டிமீட்டரை வைத்தே பிரித்துப் பார்க்க அந்த எண்கள் உதவும்.